ஹாபீஸ் என்றால் தூக்கு

சூசை அண்ணே, என் அருமை அண்ணே,

நீங்கள் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. முதலில் அழுதேன். இப்போது கோபம்தான் வருகிறது. ஒரே ஒரு சொல்லின் மேல் கோபம். அதற்கு வாய்க்கு வந்த பொருளைச் சொல்லித் திரிகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம். பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் பேசினாலும், "போனது போச்சு லூர்து, விடு" என்கிறார்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் உங்கள் வேலை என்னவென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பலின் சரக்கறை வாயில் நின்று, பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்குக் குரல் கொடுப்பீர்கள். தூக்கச் சொல்ல "ஹாபீஸ்!" இறக்கச் சொல்ல "ஆரியா!" கூடவே கையையும் அசைப்பீர்கள். உள்ளே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. உங்களை நம்பித்தான் பிடியைத் திருப்புவார். வீட்டில் அலமாரியை நகர்த்தும்போதுகூட "ஹாபீஸ், ஹாபீஸ்" என்று கத்தி அண்ணியைச் சிரிக்க வைப்பீர்களே!

நீங்கள் போன அன்றைக்கு வின்ச்சில் புது ஆள். கிள்ளான் பக்கம் மேருவிலிருந்து வந்த ஜாவாக்காரர், வாகித் என்று பெயர். அரிசி மூட்டைக் கட்டு பாதி ஏறியதும் விளிம்பில் மாட்டிக்கொண்டது. நீங்கள் அதன் கீழே குனிந்து தள்ளிவிட்டு, இன்னும் தூக்கச் சொல்லி "ஹாபீஸ்!" என்று கத்தினீர்கள். கட்டு ஏறவில்லை. உங்கள் மேல் இறங்கியது.

ஏன் இறங்கியது? முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இந்தக் கேள்விக்கு ரயில்வே கிளார்க் ஞானமுத்து மாமா பதில் கண்டுபிடித்துவிட்டார்.

"அது சுருக்கெழுத்து லா. எச், ஏ, பி, எஸ். ஹாயிஸ்ட் ஆல் பேக்கேஜஸ் ஸ்லோலி. எல்லாச் சாமானையும் மெதுவா தூக்குன்னு அர்த்தம். வெள்ளைக்காரன் சும்மாவா பேர் வெப்பான்? ஆர்டரே மெதுவான்னு இருக்கு. அந்த ஜாவாக்காரன் மதிக்கல."

"அப்ப ஆரியாவுக்கு என்ன மாமா?" என்று கேட்டேன்.

மாமா அப்பளத்தை உடைத்தபடி கொஞ்சம் யோசித்தார். "ஆல் ரெடி இன் ஆங்கரேஜ்" என்றார். என் கண்ணெதிரிலேயே இட்டுக்கட்டினார் அண்ணே, சுடச்சுட! பந்தியில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

நம் கோவில் சாமியாரைப் போய்க் கேட்டேன். அவர் மலாக்காவில் போர்த்துகீசியர் நடுவில் வளர்ந்தவர். கப்பல் பாயை இறக்கு என்பதற்கு அந்தப் பேச்சில் ஏறக்குறைய ஆரியா என்றுதான் சொல்வார்கள், பழைய மாலுமிகள் விட்டுப்போன சொல்லாக இருக்கலாம் என்றார். "ஹாபீஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாது என்று சொன்ன ஒரே மனிதர்.

அடுத்த வாரம் பாசாரில் மீன் வாங்கப் போனேன். மீன்காரர் காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "ஹாபிஸ், ஹாபிஸ்!" என்றார். தீர்ந்துவிட்டது, முடிந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற மலாய்ச் சொல்தான். அன்றைக்குத்தான் அது நெஞ்சில் வந்து மோதியது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் தூக்கு என்றீர்கள். வாகித்துக்கு முடிந்தது என்று கேட்டிருக்கிறது.

ஓடிவந்து அண்ணியிடம் சொன்னேன். "அர்த்தம் தெரிஞ்சவரு மாமா. மெதுவான்னு சொல்லியும் கேக்காத பாவி அவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமாவின் நான்கு எழுத்து துறைமுகம் வரை போய்விட்டது. வாகித்தோடு வேலை செய்ய மாட்டோம் என்று உங்கள் ஆட்களே சொல்லிவிட்டார்களாம். அவர் வேலையில்லாமல் கிடங்கோரம் உட்கார்ந்திருக்கிறாராம். பொய் எப்படி அண்ணே இத்தனை வேகமாக ரயில் ஏறுகிறது?

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் ரயில் ஏறினேன். கிடங்கு வாசலில் உங்கள் ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி, மண்டோர் செல்லையா என்னைக் கண்டதும் எழுந்தார்.

"டீச்சரம்மா, நீங்க எதுக்கு இங்க? அவன நாங்க பாத்துக்கிறோம்."

"யாரையும் பாத்துக்க வேணாம் அண்ணே. அவர கூப்பிடுங்க."

வாகித் வந்தார். நடுத்தர வயது, என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, செல்லையாவைக் கத்தச் சொன்னேன். "ஹாபீஸ்!" என்று அவர் கத்தினார். காதில் என்ன விழுந்தது என்று மலாயில் கேட்டேன்.

"முடிஞ்சதுன்னு விழுந்துச்சு" என்று மலாயிலேயே சொன்னார் வாகித். காலையிலிருந்து உங்கள் கையைப் பார்த்துத்தான் ஓட்டினாராம். நீங்கள் குனிந்ததும் கை மறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. "அவர் முடிஞ்சதுன்னு சொன்னார், நான் இறக்கினேன்" என்று சொன்னவர், அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார்.

செல்லையா தன் ஆட்களை அருகே கூப்பிட்டார். "இனிமே தூக்க நைக்குன்னு சொல்லுங்கடா. எறக்க துரோன். மலாய்ல எல்லாருக்கும் புரியும்."

"நாய்க்கா?" என்று பின்னால் ஒருவன் சிரித்தான். செல்லையா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கினான்.

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் கிடங்கில் மட்டும் சொல் மாறியது. பக்கத்துக் கிடங்கில் இன்னும் ஹாபீஸ்தான்; "எங்க தாத்தா காலத்துச் சொல்லு, மாத்த முடியாது" என்கிறார்கள். வாகித்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் வின்ச்சைத் தொட மாட்டேன் என்று மூட்டை சுமக்கிறார். ஞானமுத்து மாமா மட்டும் அசையவில்லை. "மீன்காரன் சொல்றதும் கப்பல்காரன் சொல்றதும் ஒண்ணா?" என்று என்னையே கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வாகித் நம் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு வாழைத்தாரோடு. அண்ணி கதவைத் திறக்கவில்லை. அவர் வெகுநேரம் நின்றுவிட்டு, தாரைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அண்ணி அதை உள்ளே எடுக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. சாயங்காலம் மழை பிடித்தபோது, அதை நனையாத இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

அண்ணே, அவர் மறுபடி வந்தால் நான் கதவைத் திறப்பேன். பக்கத்துக் கிடங்குக்கும் போவேன், விரட்டினாலும் போவேன். அண்ணிக்கு அந்தச் சொல்லை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பேன். கோபப்படாமல் சொல்லிக்கொடுப்பேன், இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
லூர்து