மருந்து அடிக்காத மேட்டு நிலம்

கவிதாவின் அப்பாவுக்கு, என்றைக்கும் என்னவருக்கு,

நேற்றும் இருட்டிக்கொண்டு வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு லாபு ஊரில் இருக்கும் நம் மேட்டு நிலத்துக்கு ஓடினேன். தூறலோடு போய்விட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு மழை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்று ஆகிவிட்டது எனக்கு.

நிலத்தைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்குக் கீழே ஒரு புல் முளைத்தாலும் உங்களுக்குப் பொறுக்காதே! இப்போது முழங்கால் வரை புல்லும் பெரணியும்.

நீங்கள் இறந்த அதே வருஷம் வந்த வறட்சியில் மண் பாளம் பாளமாக வெடித்தது. பழக்குலைகள் சிறுத்துப்போயின. விவசாய ஆபீஸிலிருந்து வந்த பெண், "புல்ல விட்டுவைங்கக்கா, மண்ணுல ஈரம் நிக்கும். வெட்டுற மட்டைய சரிவுக்குக் குறுக்க அடுக்குங்க" என்றாள். புல்லைக் கொல்லும் மருந்தை நிறுத்தினேன். குலை பொறுக்குவதற்காக மரத்தடியில் மட்டும் புல்லை வட்டமாக வெட்டி வைத்தேன்.

பக்கத்து நிலத்துக்காரர் உங்கள் தம்பி முருகன்தானே. அவருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணன் தோட்டத்த காடாக்கிட்டீங்களே அண்ணி! பாம்பு வரும்லா. தள்ளுங்க, நானே அடிச்சிடறேன்."

"அடிக்கணும்னா என் மேல அடிங்க தம்பி."

திரும்பிப் போனவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். நீலாய் டவுனில் இருக்கும் கவிதா வேறு போன் போட்டு, "வித்துட்டு எங்கூட வந்திடுங்கம்மா" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

போன மாதம் ஒரு மத்தியானம் பேய் மழை. விட்டதும் ஓடினேன். முருகனின் சரிவில் மேல்மண்ணே இல்லை. வேரெல்லாம் வெளியே கிடந்தது, செம்மண் வழிந்து கால்வாயை அடைத்திருந்தது. நம் பக்கம் மட்டை அடுக்கியிருந்த இடமெல்லாம் மண் நின்றது. அடிச்சரிவில்தான் நான் இன்னும் அடுக்கவில்லை. அங்கே நீங்கள் நட்ட இரண்டு மரங்கள் சாய்ந்துவிட்டன. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

முருகன் வந்து பக்கத்தில் நின்றார். சாய்ந்த மரங்களையும் நம் மட்டை வரிசைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மட்டைய எப்படிப் போடணும்? காட்டுங்க அண்ணி."

இப்போது அவர் சரிவில் இருவருமாக அடுக்குகிறோம். மருந்தை அவர் முழுசாக விடவில்லை. பாதி நிலத்தில் இன்னும் அடிக்கிறார். நம் குலைகளும் பழையபடி பருக்கவில்லை. கவிதா நிலத்தை விற்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். செய்வது சரிதானா என்று யாரிடம் போய்க் கேட்பேன், சொல்லுங்கள்?

நீங்கள் நட்ட மரங்களில் இனி ஒன்றுகூட விழாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் விழுந்த இடத்தை வெறும் மண்ணாக விடமாட்டேன். அதை நம்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
சரசு