கண்டுபிடிக்காத பள்ளிக்கூடம்

அம்மா,

ராஜபாளையம் வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. உன் பீரோவை நகர்த்துவதற்காக நேற்றுக் காலையில் அதைத் திறந்தேன். அந்துருண்டை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பட்டுப்புடவைகளுக்கு அடியில், பாலித்தீன் உறைக்குள், என் பள்ளிக்கூடச் சிவப்புக் கோட்டு. மார்புப் பையில் தங்க நூலில் ஒரு குதிரை. இருபது வருஷமாகப் பூச்சி அரிக்காமல் காத்து வைத்திருக்கிறாய். பீரோத் தட்டில் விரித்திருந்த வழவழப்பான தாளை உருவிப் பார்த்தேன். நீ வேண்டாம் என்று தள்ளிய இன்னொரு பள்ளிக்கூடத்தின் விளக்கப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறாய். அடேயப்பா, ஒரு தாளைக்கூட வீணாக்காத மகராசி.

உன் முதல் வருஷ நினைவு நாள் வருகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எனக்கு வரவில்லை. நீயும் யாரைப் பற்றியும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே இடது காது கேட்காது. நாலு வயதில் மதுரை டாக்டர் பார்த்துச் சொன்னார். வலது காது நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அவர் கேட்டதும், நீ யோசிக்கக்கூட இல்லையாம். “அவுக வழிதான். அவுக பெரியப்பா ஒருத்தருக்குக் காது மந்தம்” என்று அப்பாவைக் கைகாட்டினாயாம். அந்தப் பெரியப்பாவுக்கு அப்போது வயது எண்பது. எண்பது வயதில் யாருக்குத்தான் காது கேட்கும்? அப்பாவும் அதை நம்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் “ஒங்க வம்சத்துச் சீக்கு” என்பாய். அப்பாவிடம் சொன்னாய். அவர் தங்கை, தளவாய்புரத்து அத்தை வந்தால் அவளிடமும் சொன்னாய். அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறிப் போன நாட்கள் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர். அந்தச் சத்தத்தில் நல்ல காது இருந்தும் பிரயோசனம் கிடையாது. நம் தறிக்காரர்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நானும் அங்கே நின்று நின்று அதைப் பழகிவிட்டேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது என்னை மலைமேல் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தாய். மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே படிக்கும்போது நம் பிள்ளை மட்டும் என்ன மட்டமா என்பது உன் கேள்வி. இரண்டு மலையில் இரண்டு பள்ளிக்கூடம். ஒன்றில் குதிரை லாயம் இருந்தது. இன்னொன்றின் முற்றத்தில் பெரிய மணி தொங்கியது. குதிரை ஸ்கூல், மணி ஸ்கூல் என்று வீட்டில் பெயரே வைத்துவிட்டோம். இரண்டிலும் பிள்ளையை நேரில் பார்த்துப் பேசித்தான் இடம் கொடுப்பார்கள். காது விஷயம் தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று நீயாகவே தீர்மானித்துக்கொண்டாய்.

பிறகு ஒரு மாதம், தினமும் சாயங்காலம், பயிற்சி. டிவியைச் சத்தமாக வைத்து, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று கூப்பிடுவாய். தப்பான பக்கம் திரும்பினால் உச்சந்தலையில் ஒரு குட்டு. திரும்பவே இல்லை என்றால் இரண்டு. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது அம்மா. குட்டினால் வருகிற வித்தை இல்லை அது. ஆனால் மற்ற தந்திரங்களை அருமையாகச் சொல்லிக்கொடுத்தாய். வரிசையில் எப்போதும் இடது ஓரத்து நாற்காலியைப் பிடி. யாரோடு நடந்தாலும் அவர்களை வலது பக்கம் விட்டுக்கொள். எதுவும் விளங்கவில்லையென்றால் குனிந்து செருப்பைச் சரிசெய், மறுபடி சொல்வார்கள். அப்படியும் கேட்கவில்லையா, மூஞ்சியைத் திருப்பிக்கொள்.

“திமிரு புடிச்சவள்னு சொல்லட்டும், பரவால்ல. செவிடின்னு ஒருத்தி சொல்லிரக் கூடாது. வெளங்குதா?”

விளங்கியது. நல்ல காதில்தான் சொன்னாய்.

முதலில் மணி ஸ்கூலுக்குப் போனோம். தலைமையாசிரியை வயதான அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் ரோஜாச் செடிகளைக் காட்டிக்கொண்டே நடந்தார். நான் அவரை வலது பக்கம் விட்டுக்கொண்டேன். அவர் பேசிக்கொண்டே என் இடது பக்கம் வந்தார். நான் மறுபடி சுற்றி வந்தேன். மூன்றாவது தடவை நின்று சிரித்துவிட்டார். அலுவலக அறைக்கு வந்ததும் உங்கள் இரண்டு பேரிடமும் நிதானமாகச் சொன்னார்: “உங்க பொண்ணுக்கு இடது காது கேட்கலை. அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. எல்லா டீச்சர்கிட்டயும் சொல்லிவச்சுடறேன். அவளுக்குத் தோதான இடத்துல உட்கார வைப்போம். கெட்டிக்காரி, இங்க சேருங்க.”

அம்மா, பத்து வயதில் எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த கல்லை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. நீ விறைப்பாக எழுந்து, “பிள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு, அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாய்.

மறுநாள் குதிரை ஸ்கூல். அங்கே முதல்வர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பாவிடம் தறி எத்தனை என்று கேட்டார். என்னிடம் குதிரைக்குப் பயப்படுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். பத்து நிமிஷத்தில் இடம் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். “அந்த அம்மா நல்லவுகளாத் தெரியுது. வெவரம் தெரிஞ்சு பாத்துக்கிடுவாக. அங்கயே சேப்போமே.”

“ஒங்களுக்குக் கூறு இருக்கா? அவ கண்டுபிடிச்சிட்டா. கண்டுபிடிச்ச எடத்துல எப்பிடிப் பிள்ளைய விடுறது? நாளைக்கு ஊரெல்லாம் தெரியும். பொறவு எவன் வந்து கட்டுவான்?”

பின்சீட்டிலிருந்து நான் சொன்னேன், “எனக்கு மணி ஸ்கூல்தாம்மா வேணும்.” நீ திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் காரை நிறுத்தி, தெருவுக்கே கொடுக்கிற அளவுக்குப் பால்கோவா வாங்கினாய். பெண்ணுக்குக் குதிரை ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது என்று வீடு வீடாகக் கொடுத்தாய். உலகத்தில் எந்தத் தாயும் பிள்ளையை நன்றாகப் புரிந்துகொண்ட பள்ளிக்கூடத்தைத் தேடுவாள். நீ புரிந்துகொள்ளாத பள்ளிக்கூடத்தைப் பொறுக்கி எடுத்தாய்.

ஏழு வருஷம். என்னை அங்கே ‘மகாராணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாதவள், யாரையும் மதிக்காதவள். எனக்குச் சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது. இரண்டாம் வருஷம், குதிரையை நிறுத்தச் சொல்லி மாஸ்டர் இடது பக்கத்திலிருந்து கத்தியது விளங்காமல் வேலியில் போய் மோதி, தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தில் நடந்ததை எழுதினேன். நீ போன் செய்தாய். வலிக்கிறதா என்று கேட்பாய் என்று நினைத்தேன்.

“காது கேக்கலன்னு எழுதுவியா? கடுதாசிய வார்டன் படிச்சுட்டுத்தானட்டி அனுப்புவா! அறிவு இருக்கா ஒனக்கு?”

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்தான். நலம், நலமறிய ஆவல்.

அப்பா போனார். அந்தச் சீக்கு தன் வம்சத்தது என்று நம்பிக்கொண்டே போனார்.

போன வருஷம் இருதயக் கோளாறு என்று உன்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் நர்ஸ் பெண் என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்: “அக்கா, அம்மாவுக்கு இடது காது எப்ப இருந்து கேக்காது? வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா எம்புட்டுக் கூப்பிட்டாலும் முழிக்க மாட்டேங்காக.”

நான் உள்ளே வந்தேன். நீ வலது பக்கம் ஒருக்களித்து, விழித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். இடது பக்கமாகப் பின்னால் நின்று “அம்மா” என்றேன். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. நீ அசையவில்லை. இடது ஓரத்து நாற்காலி, செருப்பைச் சரிசெய்வது, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீ சொல்லிக்கொடுத்தது சின்ன வயதிலிருந்து நீயே பிழைத்த வழி. எனக்கு உன் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவின் முகம்தான் வந்தது.

மறுநாள் தளவாய்புரத்து அத்தை உன்னைப் பார்க்க வந்தாள். நான் நாற்காலியை எடுத்து உன் இடது பக்கம் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். வார்டு டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

“மதினி, எப்பிடி இருக்கீக? செத்த சாப்பிட முடியுதா?” என்றாள் அத்தை. நீ பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் ராங்கி குறையவில்லை என்று அவள் முகம் வாடியது. நான் உன் வலது பக்கம் வந்து நின்று, உனக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்: “அந்தக் காது கேக்காது அத்த. பிறவியிலயே கேக்காது. எனக்கு வந்தது அவ வழி. நம்ம வம்சத்துச் சீக்கு இல்ல.”

அத்தை உன் பக்கம் திரும்பினாள். “எங்க அண்ணன் இத நெனச்சே செத்தாரே மதினி” என்று மட்டும் சொன்னாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். மறுநாளுக்குள் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் உன் வலது பக்கமாக வந்து நின்று, குனிந்து, சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். நீ எதற்குப் பயந்து வாழ்ந்தாயோ அதை உன் கண் முன்னாலேயே செய்து முடித்தேன்.

அத்தை போனதும் நீ என்னைப் பார்த்தாய். “இப்பம் ஒம் மனசு குளுந்துச்சா?” என்றாய். வலது பக்கம் ஒருக்களித்து, நல்ல காதைத் தலையணையில் வைத்து அழுத்திப் படுத்துக்கொண்டாய். கடைசி வரை அப்படியேதான் கிடந்தாய். சாப்பாட்டுக்குத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

நீ போகிறவரைக்கும் ஆறு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகாராணி என்று கூப்பிட்டது, தோள்பட்டை வலி, மணி ஸ்கூல் ரோஜாச் செடிகள். தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடு என்றும் சொன்னேன். எல்லாம் அந்த இடது காதில். நர்ஸ் பெண் கேட்டே விட்டாள்: “யாருகிட்டக்கா பேசுதீங்க? அந்தக் காதுதான் கேக்காதுல்ல?”

உன் தலையை லேசாகத் தூக்கித் திருப்பி வைத்திருந்தால் போதும். உனக்குக் கேட்டிருக்கும். இரண்டு தடவை கையைக் கொண்டு போனேன். தூக்கவில்லை. கேட்ட பிறகும் நீ பதில் சொல்லாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது.