மாட வீதியில் அப்பா குரல்

மயிலாப்பூர்,
14-9-97, ஞாயிறு

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு க்ஷேமம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, போன கடிதம் வரை அப்படித்தான் எழுதினேன், இன்றைக்கு எழுத மனசு வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஹம்சினியும் மெல்போர்னில் சௌக்கியமாக இருக்க வேண்டும், அதை மட்டும் கபாலியிடம் தினமும் கேட்கிறேன், மற்றதைக் கேட்பதை விட்டுவிட்டேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இப்போதே கிளம்பி வரட்டுமா, இல்லை மே மாதம் பெரிய லீவாகப் போட்டுக்கொண்டு வரட்டுமா, அதற்குள் அப்பாவுக்குப் பேச்சு வந்துவிடுமே, நாள் பூராவும் உட்கார்ந்து பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத மூன்று நாளாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன், இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் மற்ற சமாசாரம். நவராத்திரி வருகிறது, இந்த வருஷம் கொலு வைக்கவில்லை, மாடி வீட்டு அபயாம்பாள் இரண்டு பொம்மையாவது வையுங்கோ மாமி, வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றாள், வைத்தால் யார் படி கட்டுவது, யார் சுண்டல் பண்ணுவது, நீ வந்து பண்ணுகிறாயா என்று கேட்டுவிட்டேன், கோபமோ என்னமோ, இரண்டு நாளாகக் கீழே இறங்கவில்லை. தண்ணீர் லாரி வருகிறது, வராமலும் இருக்கிறது. ஹம்சினிக்கு மூக்கடைப்பு என்று எழுதியிருந்தாய், ராத்திரி தலைக்குக் குளிப்பாட்டாதே, எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கிற ஜாதி இல்லை. மாப்பிள்ளை சாய்நாத்தை வேகமாகக் கார் ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அப்பாவைப் பார்த்துக்கொள்ள மந்தைவெளியிலிருந்து வருகிற ரகுபதி நல்லவன்தான், தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறான், வாய்தான் ஓயாது. இன்னாம்மா நீ, பெருசு ஜம்முனு கீது, நீ சும்மா கண்ணைக் கசக்கிக்கினு கீறே என்று எனக்குப் புத்தி சொல்கிறான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ராயப்பேட்டையிலிருந்து அஃப்ரா என்று ஒரு பெண் வருகிறாள் என்று எழுதியிருந்தேனே, அவள்தான் இந்த யோசனையைச் சொன்னது. பூனைப் படம், பம்பரப் படம் எல்லாம் காட்டி அலுத்துப்போய், ஆன்ட்டி, சாருக்குப் பழகின விஷயம், கேட்டா கோவம் வர்ற விஷயம் எதாவது இருந்தா சொல்லுங்க, சில பேருக்கு வார்த்தை அப்படித்தான் பொத்துக்கிட்டு வரும் என்றாள். எனக்குச் சட்டென்று அந்தக் காஸெட் ஞாபகம் வந்தது. குளத்தங்கரைச் சங்கத்துக்காரர்கள், மயிலாப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு தாங்களே நடக்கட்டும் என்று ஒரு காஸெட் போட்டார்களே, அதில் தமிழ்ப் பக்கம் முழுக்க அப்பா குரல்தானே. சரித்திர வாத்தியாரை விட்டால் வேறு யார் என்று பங்குனியில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காஸெட் வந்த பிறகு போட்டுக் கேட்டால், கிழக்கு மாட வீதி முடிகிற முனையில் வலது பக்கம் என்று சொல்ல வேண்டியவர் இடது பக்கம் திரும்புங்கள், குளம் தெரியும் என்று படித்துவைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் குதித்த குதி இருக்கிறதே! பொறந்ததுலேர்ந்து நடக்கற தெருவுல இடது வலது தெரியாத மடையன்னு ஊரே சிரிக்கும்டீ, திரும்பப் பதிவு பண்ணச் சொல்லுன்னா அடுத்த பதிப்புல பாத்துக்கலாங்கறான், இவன்லாம் ஒரு காரியதரிசி என்று சாப்பிடும்போது, படுக்கும்போது, கோயிலில் பிரதட்சிணம் பண்ணும்போதுகூட அதே பாட்டு. ஆனி மாதம் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுகிற வரைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. அந்த இடத்தைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட நிலைமையிலும் கல்யாணராமன் வாத்தியார் வாயைத் திறந்து தன்னையே திட்டிக்கொள்ளாமல் இருக்க மாட்டார் என்று அஃப்ராவிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள், அதுதான் ஆன்ட்டி வேணும் என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். அந்தச் சின்ன வாக்மன் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லையாம், மாமிக்கு இல்லாததா, நாளைக்குக் கொண்டுவந்து குடுங்கோ என்று கொடுத்தார்கள், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கேட்கிற மாதிரி இரண்டு காதுமாட்டிகள் அதில். வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம், கோளாறாக இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று கோபுரத்தடியில் நின்று மாட்டிக்கொண்டேன். வாருங்கள், நான் கல்யாணராமன், உங்களோடு நடக்கப் போகிறேன் என்று காதுக்குள் சொன்னார் பார், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூக்கடைக்காரி என்ன மாமி பாட்டு கேக்கறீங்களா என்கிறாள். அப்புறம் நடந்தேன். உனக்குத்தான் தெரியுமே, அப்பா கூட நடப்பது என்றால் நடப்பதா அது, அவர் பாட்டுக்கு முன்னால் போய்விடுவார், நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும், ஒருநாளும் நின்றதில்லை. இதில் என்னடாவென்றால் இங்கே சற்று நில்லுங்கள், அவசரமில்லை, தேரைப் பாருங்கள், பார்த்து முடிக்கும் வரை நான் காத்திருக்கிறேன் என்கிறார். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் காத்திருக்கிறாராம்! எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, நடுத்தெருவில் நின்று, இத்தனை வருஷம் எங்கே போச்சு இந்தப் பொறுமை என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கோயில் முன்னொரு காலத்தில் கடற்கரையில் இருந்தது என்பார்கள் என்று என்னென்னவோ சொன்னார், நான் எங்கே சரித்திரம் கேட்டேன், குரலைத்தான் கேட்டேன். அந்த முனை வந்ததும் இடது பக்கம் என்றார், நானும் தெரிந்தே திரும்பினேன். குளம் எங்கே, மாவு மில் வாசலில் போய் நின்றேன், உள்ளேயிருந்து ஒருவன் அரிசியா கோதுமையா என்று கேட்கிறான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. எப்படியும் இன்றைக்குத் திட்டப் போகிறார் என்று ஒரே நம்பிக்கை.

சாயங்காலம் அஃப்ரா வந்தாள். ரகுபதி அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தான், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று காதில் மாட்டிவிட்டு அஃப்ரா பொத்தானை அழுத்தினாள். தன் பெயரைத் தானே சொல்லிக் கேட்டும் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கவனமாகக் கேட்டார் ரஞ்சனி, மேலே கோபுரத்தைப் பாருங்கள் என்றபோது நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார், அஃப்ரா என் கையைப் பிடித்து அழுத்தினாள், பாக்கறாரு ஆன்ட்டி, புரியுது ஆன்ட்டி என்றாள். நான் அந்த முனைக்காகவே காத்திருந்தேன். வந்தது. இடது பக்கம் திரும்புங்கள், குளம் தெரியும். அப்பா கழுத்தை மெல்ல இடது பக்கம் திருப்பினார். அங்கே சுவரும் துணிக்கொடியும்தான் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், குளத்தைத் தேடுகிறார் போலிருக்கிறது. கோபம் இல்லை, ஒரு சுளிப்பு இல்லை, யாரோ பெரியவர் சொல்கிறார், நாம் கேட்போம் என்று இருந்தார். அஃப்ரா என் கையை விட்டுவிட்டாள். காஸெட்டை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடிற்று. கடைசியில், என்னோடு நடந்ததற்கு நன்றி, பெட்டியை மறக்காமல் ஒப்படைத்துவிடுங்கள் என்றது. அப்பா இடது கையால் காதிலிருந்ததைக் கழற்றினார், மடியிலிருந்த பெட்டியையும் சேர்த்து எடுத்து என்னிடம் நீட்டினார். தலையைக் கொஞ்சம் குனிந்து, அவ்வளவு மரியாதையாக. சங்கத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை என்று என்னை நினைத்துக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன், நடுவில் இன்னொரு தடவை லேசாக வந்திருக்கும், பேச்சோடு ஞாபகமும் போயிருக்கலாம், பார்க்கலாம் என்றார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்திலேயே இருந்தது. அஃப்ரா வேறு படங்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறாள், வருவாள், பாவம். பெட்டியை ரகுபதி சங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தான். இன்று காலை கறிகாய் வாங்கப் போனபோது ஒரு வடக்கத்திப் பையனும் பெண்ணும் காதில் மாட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றிருந்தார்கள், இங்கிலீஷ் பக்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எனக்குப் பார்க்க முடியவில்லை, கத்திரிக்காய்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அதனால் மே மாதத்துக்குக் காத்திருக்காதே, மே மாதம் வருவதற்கு ஒன்றும் இல்லை. லீவு கிடைத்தால் இப்போதே வா, குழந்தையையும் அழைத்து வா. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், பார்த்தால் ஒருவரையொருவர் தெரிகிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். வருகிறபோது எனக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உள்ளே நுழைந்ததும் அப்பா, நான் யாருன்னு தெரியறதா என்று கேட்டுவிடாதே. நான் கேட்டேன்.

இப்படிக்கு,
அம்மா கோமளம்