நீ கடந்த ஆறு

கோஸ்டா ரிகா பயணத்துக்காக வாங்கிய கொசு ஸ்ப்ரேயை இன்று காலை கையில் அடித்துப் பார்த்தேன், அண்ணா. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நினைவுக்கு வந்தது காடும் இல்லை, கடலும் இல்லை. நீதான். ஆத்திரமாக வந்தது. போய்ச் சேர்ந்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

முன்பு நீ, அண்ணி, நான், என் மகள் என்று நால்வரும் அங்கே போனோமே, வாடகைக் கார் கொடுத்த ஆள் எவ்வளவு பொறுமையாகச் சொன்னான்! மழைக்காலம், ஆற்றுக்குள் வண்டியை இறக்காதீர்கள், இறக்கினால் இன்ஷூரன்ஸும் கிடையாது என்றான். நீ என் காதோரம் தமிழில், "பயமுறுத்தி எக்ஸ்ட்ரா இன்ஷூரன்ஸை நம்ம தலையில கட்டப் பாக்கறான்" என்றாய். நல்லது சொல்கிறவனெல்லாம் உனக்கு ஏதோ விற்க வந்தவன்.

மறுநாள் மத்தியானம் மலைப்பாதைக்குக் குறுக்கே ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பாலம் வழியாகப் போனால் சுற்று. மேப் நேராகப் போகச் சொன்னது. முன் சீட்டில் அண்ணி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வாயே திறக்கவில்லை. நான் மகளை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.

"சீன் போடாத, ஏறு. ஒண்ணும் ஆகாது."

"மாமா, ப்ளீஸ், டோன்ட் கோ!" என்று என் மகள் கத்தினாள். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாய்.

கடந்தும் விட்டாய். அதுதான் வினையாகப் போயிற்று. பாலத்து வழியாக ஒரு பால் லாரியில் தொற்றிக்கொண்டு நாங்கள் வந்து சேர்ந்தபோது, நீ சாவகாசமாக சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாய். அதன் பிறகு நான் பார்சிப்பனியிலிருந்து சன்னிவேலுக்கு வரும்போதெல்லாம் உன் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக் விருந்தில் அந்தக் கதைதான். "என் தங்கச்சி கணுக்கால் தண்ணியப் பாத்து கார விட்டு எறங்கினவ." அங்கிள், ஆன்ட்டி எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு தடவை ஜெயித்தவனுக்கு யார் புத்தி சொல்ல முடியும்?

போன வருஷம் நெஞ்சு வலித்தபோதும் "கேஸ்தான், ஒண்ணும் ஆகாது" என்று இஞ்சி டீ குடித்துவிட்டுப் படுத்தாயாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட அண்ணி எடுத்த போனையும், தெருவே வேடிக்கை பார்க்கும் என்று பிடுங்கி வைத்துக்கொண்டாயாம்.

அந்த ஊருக்கு மறுபடியும் போக வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. மழையில்லாத மாதமாகப் பார்த்திருக்கிறேன். உள்ளூர் டிரைவர், பாலம் உள்ள ரோடு, இருட்டுவதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதெல்லாம் பேசியாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் நேற்று அவளுக்கு போன் செய்தேன்.

"அண்ணி, அந்த ஊர்தான் வேணுமா? வேற எங்கயாவது புக் பண்ணட்டுமா?"

அவள் சொன்னாள்:

"அன்னைக்கு உன்கூட நானும் எறங்கியிருக்கணும்டி. அப்ப எறங்கியிருந்தா, அவர் கையிலேர்ந்து அந்த போனைத் திருப்பிப் புடுங்கவும் எனக்குத் தைரியம் வந்திருக்கும்."

அவளை இப்படிச் சொல்ல வைத்துவிட்டாயே, பாவி. குற்றம் உன்னுடையது, குமைவது அவள். போனவரோடு என்ன சண்டை, கோபத்தை விடு என்கிறார் என் கணவர். விட மாட்டேன். சண்டை போட எனக்கு வேறு அண்ணன் இல்லை.