பச்சை வாசனை போகக் கொதித்த வோட்கா

அன்றைக்கு என் சமையல்கட்டில் இருந்தவர்கள் நாலே பேர். ஸ்டூலில் நீ. அடுப்படியில் நான். வோட்கா பாட்டில் வாங்கி வந்த என் பேத்தி திவ்யா. கடைசியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த உன் மகன் பாஸ்கர். யார் எங்கே நின்றார்கள் என்பதுவரை எனக்கு மறக்கவில்லை. இன்று காலை கமலாப்பழத் தோலை உரித்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலில் அதே வாசனை. உட்கார முடியவில்லை அக்கா. எழுந்து எழுந்து போய் எதிரே உன் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு, கொரட்டூரில் எதிரெதிர் ஃப்ளாட். தொழிற்சாலையில் சங்கு ஊதினால் என் வீட்டுக்காரர் நேரே வீடு வருவார். உன் வீட்டுக்காரர் எங்கேயோ உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வருவார். வந்த பிறகும் கிளாஸ் கேட்பார். நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் காலமாகி வெகுநாள் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கேட்டாய்.

"நாப்பது வருசம் அந்த கிளாஸக் கழுவினேன்டி. ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. ஊட்டுக்கு வராத அளவுக்கு அதுல இன்னாதான் கீது? ஒரே ஒரு தபா குடிச்சிப் பாக்கணும்."

திவ்யாவிடம் சொன்னதும் அவள் துள்ளினாள். "பெரியாயாவுக்கு நானே கலந்து தரேன். கமலாப்பழம், எலுமிச்சம்பழம், சர்க்கரைப் பாகு. பாகு நல்லா ஆறணும் ஆயா. அப்புறம் ஜூஸு, அப்புறம் வோட்கா, மேல ஐஸு."

"பாகு காச்ச எனக்கே சொல்லித் தராடி இவ" என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

அவள் ஐஸ் வாங்கக் கீழே போனாள். பாஸ்கர் வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்து திரும்பும் நேரம். அவன் வருவதற்குள் நீ குடித்துவிட வேண்டும், பாகு ஆறக் காத்திருக்க நேரமில்லை. பாகு பிசுக்குப் பதத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வோட்காவை முகர்ந்து பார்த்தேன், ஸ்பிரிட் நெடி. இதைப் பச்சையாகக் கொடுத்தால் உனக்கு வயிற்றைப் பிடுங்குமே என்று உன் பங்கை அப்படியே பாகில் ஊற்றினேன். அடுப்பு ஒரு தரம் நீலமாகச் சீறி அடங்கியது. நீ, "இன்னாடி, தீபாவளியா?" என்றாய். ரசத்துக்குச் செய்வது மாதிரி பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, இறக்கி, சாறு கலந்து தம்ளரில் கொடுத்தேன்.

முழுவதையும் குடித்தாய். காத்திருந்தாய். நானும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒண்ணுமே இல்லியேடி. ஜுர மருந்தாட்டம் இனிச்சிக்கினு கீது." கொஞ்ச நேரம் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அப்ப அவுரு இதுக்காவப் போவலயா? என்னப் புடிக்காமத்தான் வெளியவே கெடந்தாரா?"

நான் பதில் சொல்லுமுன் பாஸ்கர் வந்துவிட்டான். பாட்டிலைப் பார்த்தான். "அப்பா குடிச்சி எங்க மானம் போனது பத்தாதா சித்தி? இப்ப அம்மாவையும் கெடுக்கறியா?" உன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐஸோடு வந்த திவ்யா பாத்திரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஐயோ ஆயா, கொதிக்க வெச்சா அதுல இருக்கறதெல்லாம் ஆவியாப் போயிடும். நீ குடுத்தது வெறும் ஜூஸு!"

உடனே ஓடி வந்து உன் கதவைத் தட்டினேன். "அம்மா தூங்குது சித்தி" என்று பாஸ்கர் சாத்தினான். மறுநாளும் அதே. போன் போட்டால் அவன்தான் எடுத்தான். அவனிடம் சொல்லி அனுப்புகிற சேதியா அது? மூன்று நாள் தட்டினேன். நாலாம் நாள் காலையில் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் உன்னைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள்.

இன்றைக்குப் பாகை ஆறவைத்து, திவ்யா சொன்னபடியே கலந்து, நானே குடித்தேன். முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் நெஞ்சில் ஒரு சூடு. அரைத் தம்ளரில் தோள் லேசாகிவிட்டது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. இருக்கிறது அக்கா. அதில் இருக்கிறது. அந்த மனுஷன் அதற்காகத்தான் போனார். உன்னைப் பிடிக்காமல் இல்லை. இதைத்தான் இத்தனை நாளாக மடியில் நெருப்பு மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறேன்.

கொதிக்கவிட்டது என் கைதான். எங்கே வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வேன். ஆனால் பத்தடி தாண்டி வந்து உன் காதில் ஒரு வார்த்தை சொல்ல உன் மகன் விட்டிருந்தால் உன் சந்தேகம் தீர்ந்திருக்கும். போன தீபாவளிக்கு அவன் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பினான். மூடிய துணியைக்கூட எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ பெற்ற பிள்ளைதான், தெரியும். உன் முகம்தான் அவனுக்கும். இருந்தாலும் மன்னிக்க மாட்டேன், பாஸ்கரை.