வருகையின் நோக்கம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், லிஃப்ட்தான் நலமில்லை. உன் உடம்பும் மனசும் தேறி வருகிறதா?

வேலையை விட்டுவிட்டேன், இரண்டு மாதம் அங்கே வந்து இருக்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ வருவதை வாட்ச்மேனிடம் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்று சாயங்காலமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்து இறங்கியது. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும், வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரிக்கிறார்கள். அதோடு பதினைந்து நாளுக்கு மேல் தங்கும் விருந்தினருக்கு முன்அனுமதி வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறதாம். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் ஆயிற்றே, அந்த ஒரு பக்கத்தில் பதினோரு பிழை கண்டுபிடித்தேன். அம்மா கண்டது ஒன்றுதான், 'விருந்தினர்' என்ற சொல். பெத்த பொண்ணு எப்படிங்க விருந்தாளி ஆவா என்று அதை அடித்துவிட்டு 'மகள்' என்று எழுதினாள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேனாவைப் பிடுங்கி 'தூங்குவதற்கு' என்று எழுதிவிட்டாள். போனில் நீ அப்படித்தான் சொன்னாயாம்.

மறுநாளே சங்கச் செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுபெற்ற நில அளவையர், பூந்தொட்டிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளப்பவர். தூங்குறதெல்லாம் ஒரு நோக்கமாம்மா, மருத்துவம், கல்வி, சொந்த அலுவல், இந்த மூணுல ஒண்ணைப் போடுங்க என்றார். நான் அவர் மேஜையில் கிடந்த அடுத்த சுற்றறிக்கையில் பிழை எண்ணிக்கொண்டிருந்தேன், என் தைரியம் அவ்வளவுதான். அம்மா அசையவில்லை. என் பொண்ணு நாலு வருஷமா சரியா தூங்கலைங்க, இங்க வந்து தூங்கணும், உங்க சட்டத்துல அதுக்கு இடம் இல்லேன்னா நீங்களே ஒரு இடம் பண்ணுங்க என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பதிவேட்டைத் திறந்து, எண் ஒன்று என்று எழுதினார். விதி போட்டு ஆறு வருஷம் ஆகிறது, இதுதான் முதல் விண்ணப்பமாம். இங்க யார் வீட்டுப் பிள்ளையும் பத்து நாளைக்கு மேல இருந்ததில்லைங்க, என் பையனையும் சேர்த்துத்தான் என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும் அம்மா, பத்திரமாக வந்து சேர். ஒன்று மறந்துவிட்டேன், இங்கே நடைபாதையில் சக்கரப் பெட்டியை உருட்டக் கூடாது, தூக்கித்தான் வர வேண்டும் என்று ஒரு விதி. நீ உருட்டிக்கொண்டே வா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா