சலீம் காக்காவின் மீசான்

வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருது

லீவில் வந்த நாளிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கு இன்று அஸர் தொழுதுவிட்டுப் போனேன். சலீம் காக்காவை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. றியாத்தில் இறந்துபோகும் நம்மூர்க்காரர்களைக் குளிப்பாட்டி அடக்குகிற சிலரில் நானும் ஒருவன். மூன்று மாதத்துக்கு முன் அவர் மையத்தாகத்தான் எனக்கு அறிமுகம்.

அவருடைய மனைவிக்குக் கணவன் மௌத்தான பின் மறைவில் இருக்கிற இத்தா இன்னும் முடியவில்லை. அறைவாசல் திரைக்குப் பின்னாலிருந்து கதைத்தார்.

“தம்பி, நீங்களா அவரக் குளிப்பாட்டின?”

“ஓம் ராத்தா.”

“கபுறுல பேரெழுதி மீசான் நட்டிரிக்கா?”

அங்கே மீசான் என்று தலைமாட்டில் ஒரு கல்லை மட்டும் வைப்பார்கள். பெயர் எழுத விடமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். திரைக்குக் கீழே அவருடைய பாதங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பாதங்களும் தெரிந்தன.

“நட்டிரிக்கி ராத்தா. பேரும் எழுதி இரிக்கி.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அதற்குமேல் அழுகைதான் கேட்டது. கொடுத்த பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினேன்.

“போனதும் பேரு தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி. புள்ளைகளுக்குக் காட்டணும்.”

அதற்கும் ஓம் என்றேன்.

அடுத்த கிழமை பயணம். கண்ணை மூடி அந்த மையவாடிக்குள் நடந்து பார்க்கிறேன். வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கற்கள். அன்று மூன்று பேரை அடக்கினோம். சலீம் காக்கா எந்தக் கல்லுக்குக் கீழே என்று எனக்கே தெரியாது.